வழி சொல்லும் பெட்டி: எதை வாங்கலாம்?

சென்ற வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை. என் தங்கை மகன் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தான். சனிக்கிழமை மாலை 4 மணிக்குச் சென்னையை விட்டுப் புறப்பட்டவன். திருச்சிப் பக்கம் போய்த் திரும்பும் 600 கிலோமீட்டர் பிரயாணம். 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அதாவது திங்கள் காலை 8 மணிக்குள். அவன் முடித்தது 8-35க்கு.

“முப்பத்தஞ்சு நிமிஷம், மாமா!” என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மா கொடுத்த காப்பி அப்படியே ஆறிப்போயிற்று.

நடந்தது இதுதான். ஞாயிறு விடியற்காலை 3 மணிக்கு உளுந்தூர்ப்பேட்டையில், கைப்பிடியில் மாட்டியிருந்த வழி காட்டும் பெட்டி அணைந்துவிட்டது. அங்கேதான் திருச்சி சாலையும் சேலம் சாலையும் பிரிகின்றன. தூக்கக் கலக்கத்தில் பையன் சேலம் சாலையில் இறங்கிவிட்டான். 14 கிலோமீட்டர் போன பிறகு, “கள்ளக்குறிச்சி” என்று எழுதிய கல்லைப் பார்த்தபோதுதான் நெஞ்சு திக்கென்றது. போக 14, வர 14. அந்த 28 கிலோமீட்டர் இல்லாமல் இருந்தால் முக்கால் மணி நேரமாவது முன்னதாகவே வந்து சேர்ந்திருப்பான்.

பெட்டியின் அட்டையில் “15 மணி நேரம் உழைக்கும்” என்று போட்டிருந்தது. 11 மணி நேரத்தில் உயிர் போய்விட்டது. வாங்கி மூன்று வருஷம் ஆன பெட்டி. இரவு முழுவதும் திரைவிளக்கு எரிந்திருக்கிறது. கைப்பேசி? அது பையின் அடியில் இருந்தது. மாமண்டூர் தாண்டியதிலிருந்து படம் பிடித்துப் பிடித்து, அதற்கும் சார்ஜ் இல்லை!

இந்த வருஷம் புதுப் பெட்டி வாங்க வேண்டும் என்று, கையில் நாலைந்து விளம்பரத் தாள்களோடு என்னிடம் வந்தான். நானும் காலையில் 30 கிலோமீட்டர் மிதிக்கிறவன். இந்தச் சாமான்களைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தவன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாங்கள் அலசியதை வாசகர்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றியது. இப்போது ஊருக்கு ஊர் சைக்கிள் கோஷ்டிகள் கிளம்பிவிட்டன அல்லவா?

முதலில் அந்தப் பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பந்தயம் என்றால் தவறு. இதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. “பிரெவே” என்று பிரெஞ்சுப் பெயர். 1904-ல் தோன்றிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பாரிஸ் நகரத்துச் சங்கம்தான் உலகெங்கும் இதற்குத் தாய். 200 கிலோமீட்டருக்கு பதின்மூன்றரை மணி, 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி என்று கணக்கு. வழியில் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். பஞ்சர் ஆனாலும் பசித்தாலும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த நாலையும் உரிய வருஷத்தில் முடித்தவர்களுக்கு, நாலு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பிரயாணத்துக்கு வாசல் திறக்கும். 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். இந்தியாவிலிருந்தும் நம்மவர்கள் போய் முடித்து வந்திருக்கிறார்கள். 35 நிமிஷத்துக்காக ஒருவன் காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

ஆகாயத்தில் கடிகாரங்கள்

அந்தக் காலத்தில் சைக்கிள் போன தூரத்தை அளக்க, முன் சக்கரத்து அச்சில் ஒரு சின்ன டப்பா மாட்டுவார்கள். ஆரத்தில் ஒரு முளை இருக்கும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் முளை ஒரு தட்டுத் தட்டும். உள்ளே பல்சக்கரம் ஒரு பல் நகரும். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்து கர்ட்டிஸ் வீடர் என்பவர் 1895-ல் இதைச் செய்து விற்கத் தொடங்கினார். பிறகு காந்தமும் மின்கம்பியும் வந்தன. எல்லாம் சக்கரத்தை எண்ணும் சாமான்களே. எவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்லும். எங்கே இருக்கிறோம் என்று சொல்லாது.

“எங்கே” என்று சொல்ல ஆகாயத்திலிருந்து உதவி வேண்டியிருந்தது. அமெரிக்க ராணுவத்தின் ஜி.பி.எஸ். திட்டத்தில் முதல் செயற்கைக்கோள் 1978 பிப்ரவரியில் மேலே போயிற்று. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 12 மணி நேரத்துக்கு ஒரு முறை உலகைச் சுற்றிவரும் கோள்கள். ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம். “இப்போது மணி இன்னது, நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்” என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் அவற்றின் வேலை. அந்தக் குரல் நம் கைப்பிடிக்கு வந்துசேர ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்து, எவ்வளவு தூரம் என்று பெட்டி கணக்கிடுகிறது. இடத்தை அறிய மூன்று கோள்கள். பெட்டியில் இருக்கும் மலிவுக் கடிகாரத்தின் பிழையைத் திருத்த நாலாவது ஒன்று. ஆக, நாலு வேண்டும்.

இதில் ஐன்ஸ்டைனும் வருகிறார்! அவருடைய சார்பியல் கணக்குப்படி மேலே உள்ள கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு வேகமாக ஓடும். இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துவிடும். பையனை கள்ளக்குறிச்சி சாலையில் கொண்டு விட அதுவே போதும்.

ராணுவத்துச் சாமான் நம் கைக்கு எப்படி வந்தது? 1983 செப்டம்பர் 1-ந் தேதி, வழி தவறிய கொரிய விமானம் ஒன்றை ரஷ்யப் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் ஜனாதிபதி ரீகன், இந்த ஏற்பாட்டைப் பொதுமக்களும் இலவசமாக உபயோகிக்கலாம் என்று அறிவித்தார். ஆனாலும் பொதுமக்களுக்கு வரும் குரலில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். நூறு மீட்டர்வரை தவறும். 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். இன்று திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவுக்கு நம்பலாம். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பைடூ ஆகியவையும் சேர்ந்துவிட்டன. நம் நாட்டின் நாவிக் ஏற்பாட்டில் முதல் கோள் 2013 ஜூலையில் சென்றது. வாங்கும் பெட்டியில் நாவிக் இருந்தால் சந்தோஷம். இல்லையென்பதற்காக ஒதுக்க வேண்டாம்.

பலரும் நினைப்பதுபோல, பெட்டி ஆகாயத்துக்கு எதையும் சொல்வதில்லை, கேட்பதோடு சரி. ஆகவே செல்போன் கோபுரம் இல்லாத காட்டிலும் அது வழி சொல்லும், படம் அதற்குள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தால். வெளிநாட்டுக் கடைகளில், செயற்கைக்கோள் வழியாகச் செய்தியே அனுப்பும் வேறொரு கருவியும் பக்கத்திலேயே கிடைக்கும். அதை நம் நாட்டுக்குள் அநுமதியின்றிக் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் குற்றம். விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் உண்டு. அமெரிக்காவிலிருந்து வரும் அத்தான் ஆசையாக வாங்கி வருகிறேன் என்றால், முதலிலேயே தடுத்துவிடுங்கள்.

போன் போதாதா?

“அண்ணா, ஆளுக்கொரு போன் வைத்திருக்கிறார்கள். அதிலேயே வழி தெரிகிறதே! இதற்கு வேறு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டுமா?” என்று என் தங்கை கேட்டாள்.

நியாயமான கேள்வி. காலையில் 20, 30 கிலோமீட்டர் மிதித்துவிட்டு ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு என் பதில்: போதும், தாராளமாகப் போதும். பணத்தை நல்ல டயருக்குச் செலவிடுங்கள்.

தூரம் அதிகமானால் கதை வேறு. போனின் திரை வெயிலில் மங்கிப்போகும். பிரகாசத்தைக் கூட்டினால் சார்ஜ் கரையும். கத்திரி வெயிலில் போன் தானே சூடேறி அணைந்துவிடும். ஐபோனைச் செய்கிறவர்களே 35 டிகிரிக்குள் உபயோகியுங்கள் என்கிறார்கள். வியர்வை விரலும் மழைத்துளியும் தொட்டால் திரை தாறுமாறாக ஓடும். இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நடு ரோட்டில் விழுந்தால் 108-க்குச் சொல்ல வேண்டியது போன்தான். அதன் உயிரை வழி காட்டுவதில் தீர்த்துவிடக் கூடாது.

தங்கை சமாதானமானாள் என்று சொல்ல முடியாது. ஆனால் கடைசிக் காரணத்தைக் கேட்டதும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

மணிக்கணக்கு என்னும் மாயம்

வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது உழைக்கும் நேரம். திரையின் அழகு அப்புறம்.

கம்பெனிகள் சொல்லும் கணக்கில் கார்மின் எட்ஜ் 540 என்பது 26 மணி நேரம், எட்ஜ் 1040 என்பது 35 மணி நேரம். 2024-ல் வந்த எட்ஜ் 1050-க்கு 20 மணிதான்! விலை கூடிய புதிய பெட்டிக்கு ஏன் ஆயுள் குறைவு? திரைதான் காரணம். பழைய மாதிரித் திரை சூரிய வெளிச்சத்தையே திருப்பிக் காட்டும். வெயில் ஏற ஏறத் தெளிவாகும். பகலில் விளக்கே வேண்டாம். புதியது செல்போன் திரையைப் போல உள்ளேயிருந்து ஒளிர்வது. பார்க்க ஜோர்! ஆனால் ஒளிர்வதற்கெல்லாம் மின்சாரம் வேண்டுமே? அதே 2024-ல் கோரோஸ் டூரா என்று ஒன்று வந்தது. 120 மணி நேரம் என்கிறார்கள். வெயிலிலும் கொஞ்சம் சார்ஜ் ஏறும். நீண்ட பிரயாணக்காரர்கள் அதைத் திரும்பிப் பார்த்ததில் ஆச்சரியமில்லை.

இந்த மணிக்கணக்கெல்லாம் புதுப் பெட்டிக்கு, சாதாரண உபயோகத்துக்கு. இரவில் விளக்கு எரிய வேண்டும். படம் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இதயத் துடிப்புப் பட்டை, மிதிக்கும் வேகம் காட்டும் கருவி எல்லாவற்றோடும் கம்பியில்லாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். வருஷம் ஆக ஆகப் பாட்டரியின் வயிறும் சுருங்கும். அட்டையில் போட்டதில் மூன்றில் இரண்டு பங்கை நம்புங்கள் என்பது என் சொந்தக் கணக்கு. பையனின் 15 மணி 11 ஆனதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

அப்படியானால் 40 மணி நேரத்துக்கு என்ன செய்வது? ஓடும்போதே சார்ஜ் ஏற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். இதைக் கடையிலேயே செய்து பாருங்கள். சில பெட்டிகளில் துளை அடிப்பக்கம் இருக்கும். கைப்பிடியில் மாட்டிய பிறகு கம்பியைச் சொருகவே முடியாது. சொருகினால் மழைத் தண்ணீர் இறங்கும். “ஐ.பி.எக்ஸ். 7” என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். அது மூடி மூடியிருக்கும்போது என்பதை மறக்க வேண்டாம்.

சக்கரத்தின் நடுக்குடத்திலேயே டைனமோ வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். டயரில் உரசிக்கொண்டு “ர்ர்ர்” என்று கத்தும் பழைய டைனமோ ஞாபகம் வருகிறதா? விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்று பயந்து மாட்டிய அதே சாமான்தான். இன்றைய குடத்து டைனமோ சத்தமில்லாமல் 3 வாட் மின்சாரம் தரும். இடையில் ஒரு மாற்றுக் கருவி இருந்தால் விளக்கும் எரியும், பெட்டிக்கும் சார்ஜ் ஏறும்.

கோடும் படமும்

விலை குறைந்த பெட்டிகளில் படம் இருக்காது. வெறும் கோடு இருக்கும். நீங்கள் போக வேண்டிய வழி ஒரு கோடு, நீங்கள் ஒரு புள்ளி. புள்ளி கோட்டில் இருந்தால் சரி. விலகினால் “கீ” என்று கத்தும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். தைவானின் பிரைட்டன், சீனாவின் ஐ.ஜி.பி.ஸ்போர்ட் போன்றவை இந்த விலையிலும் செய்கின்றன. படம் உள்ள உயர்ந்த ரகங்கள் அரை லட்சத்தையும் தாண்டும்; அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல சைக்கிளே வாங்கலாம்.

கோடு போதுமா, படம் வேண்டுமா? வழி தவறாத வரையில் கோடு போதும். தவறிவிட்டால்தான் படத்தின் அருமை தெரியும். எந்தக் குறுக்குச் சாலையில் போனால் திரும்பவும் கோட்டைப் பிடிக்கலாம் என்று கோடு சொல்லாது. பல கம்பெனிகள் உபயோகிப்பது, 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கி உலகெங்கும் தொண்டர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற படத்தைத்தான். நம் ஊர்த் தெரு அதில் இல்லையென்றால் நீங்களே வரைந்து சேர்க்கலாம். காசு கேட்க மாட்டார்கள். வெளிநாட்டில் வாங்கும் பெட்டியில் அந்த நாட்டுப் படம் மட்டும் இருக்கலாம். இந்தியப் படம் ஏற்ற முடியுமா என்று கேட்டு வாங்க வேண்டும். ரிப்பேர் இங்கே பார்ப்பார்களா என்பதையும்தான்.

பட்டனா, தொடு திரையா என்று கேட்டால் நான் பட்டன் கட்சி. ஐப்பசி மழையில் நனைந்த விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு அலுத்தவன். பையன் தொடு திரைக் கட்சி. இதில் எங்களுக்குள் சமரசம் ஏற்படவில்லை.

மலையும் மழையும்

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. இப்படிப்பட்ட இடங்களில் பெட்டி கொஞ்சம் ஏமாறும். ஒரு பக்கம் பாறை, மேலே மரம். ஆகாயத்துக் குரல் நேராக வராமல் எதிரொலித்து வரும். தவிர, விநாடிக்கு ஒரு முறையோ அதற்கும் தாமதமாகவோ குறித்துக்கொள்ளும் பெட்டி, வளைவைச் சுற்றாமல் குறுக்கே கோடு போட்டுவிடும். தூரம் குறைந்து காட்டும். இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் புதிய ரகம். மற்றொன்று, பழைய வீடர் காலத்து யோசனையே: சக்கரத்தை எண்ணும் ஒரு சின்னக் கருவியை அச்சில் மாட்டிவிடுவது. இரண்டாவது மலிவு, நம்பகமானதும்கூட.

சக்கரத்தின் சுற்றளவைச் சரியாகக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. நான் ஒரு முறை 2105 மில்லிமீட்டர் என்று கொடுப்பதற்குப் பதில் 2305 என்று கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் முழுவதும் என் வேகம் கூடிவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்! நூறு கிலோமீட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, நீங்கள் ஏறி உட்கார்ந்தபடியே சக்கரத்தை ஒரு சுற்று உருட்டி, டேப்பால் அளப்பதுதான் சரியான முறை. ஆகாயக் கணக்கோடு ஒப்பிட்டுத் தானே திருத்திக்கொள்ளும் பெட்டிகளும் இருக்கின்றன.

உயரம் காட்டுவதற்கு நல்ல பெட்டிகளில் காற்றழுத்தமானி உண்டு. கடல் மட்டத்தை ஒட்டி 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு மில்லிபார் குறையும். அதை வைத்து ஏற்றத்தைச் சொல்லும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்தால் வேடிக்கைதான். அழுத்தம் 5 மில்லிபார் இறங்கினால், வாசலில் நிறுத்திய சைக்கிள் 40 மீட்டர் ஏறிவிட்டதாகச் சொல்லும். அந்த மானியின் துளையில் மழைநீர் அடைத்துக்கொண்டாலும் இதே கூத்துத்தான்.

ஏற்றம் இன்னும் எவ்வளவு பாக்கி என்று படம் போட்டுக் காட்டும் வசதி இப்போது பல பெட்டிகளில் வந்திருக்கிறது. சிலருக்கு அது தைரியம். எனக்கு அது வேண்டாம். பாக்கி தெரியாமல் ஏறுவதுதான் என் முழங்காலுக்கு நல்லது.

வீட்டு வாசல் தெரியலாமா?

போய் வந்த வழியை இணையத்தில் போட்டு நண்பர்களுக்குக் காட்டுவது இப்போது வழக்கம். 2018 ஜனவரியில் ஒரு சமாசாரம் வெளியாயிற்று. ஸ்ட்ராவா என்ற அமைப்பு, உலகில் எங்கெங்கே மக்கள் ஓடுகிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள் என்று ஒளிப்புள்ளிகளால் ஒரு படம் வெளியிட்டிருந்தது. பாலைவனத்தின் நடுவே சில இடங்கள் பளிச்சென்று தெரிந்தன. பார்த்தால், அவை ராணுவ முகாம்கள்! சிப்பாய்களின் தேகப்பயிற்சி முகாமைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ராணுவத்துக்கே இப்படியென்றால், விலை உயர்ந்த சைக்கிள் எந்த வீட்டில் நிற்கிறது என்று திருடனுக்குச் சொல்லலாமா? வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் ஏற்பாடு அதிலேயே இருக்கிறது. முதல் நாளே செய்துவிடுங்கள்.

2020 ஜூலையில் கார்மின் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைத் தாக்கி முடக்கிவிட்டார்கள். பல நாட்கள் அதன் இணைய சேவை வேலை செய்யவில்லை. பெட்டிகள் மட்டும் பாட்டுக்கு வழியைக் குறித்துக்கொண்டிருந்தன. கம்பி சொருகி நேராக எடுத்தவர்களுக்குக் கவலை இல்லை. வழியை ஏற்றவும் இறக்கவும் கம்பெனியின் தயவை மட்டுமே நம்ப வேண்டிய பெட்டியை நான் வாங்க மாட்டேன்.

கடைசியில் பையன் என்ன வாங்கினான்? உயர்ந்த ரகம் என்று வந்தவன் நடுத்தர ரகத்தில் நின்றான். படம் உண்டு, பட்டன் உண்டு (ஜெயித்தது நான்தான்!), மாட்டியபடியே கம்பி சொருகலாம். மிச்சப் பணத்தில் ஒரு பவர் பாங்கும், இரண்டு கம்பிகளும், குடத்து டைனமோவுக்கு முன்பணமும். விளக்கு தானே 15 விநாடியில் அணையும்படி வைத்தோம். ஒரு சனிக்கிழமை இரவு முழுவதும் மொட்டை மாடியில் எரியவிட்டு, எத்தனை மணிக்கு அணைகிறது என்று நானே உட்கார்ந்து பார்த்தேன். 18 மணி 40 நிமிஷம். அட்டையில் போட்டிருந்தது 26.

அந்தக் கணக்கை அவன் ஒரு துண்டுத் தாளில் எழுதி, பிரியும் சாலைகளின் பெயர்களையும் கீழே எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பிடியில் கட்டிக்கொண்டான். வருகிற டிசம்பர் மாதத்து 600-க்குப் பெயர் கொடுத்திருக்கிறான். இந்தத் தடவையும் உளுந்தூர்ப்பேட்டை வழியாகத்தான்.